மாமாவின் ரெண்டு மணிக் கேள்வி: மரக்காணத்துக்கு மின்சாரக் கார் ஒத்துவருமா?

இந்த எபிசோட் ஒரு சண்டையில ஆரம்பிச்சது. சண்டைன்னா பெருசா ஒண்ணும் இல்ல, எனக்கும் எங்க மாமாவுக்கும் பொங்கல் லீவுல நடந்த ஒரு வாக்குவாதம்.

மாமா மரக்காணத்தில் இருக்கார். உப்புத் தரகு வேலை. காலையில் உப்பளம், மதியம் திண்டிவனம், சில நாள் புதுச்சேரி என்று சுற்றிக்கொண்டே இருப்பார். அவருடைய பழைய பெட்ரோல் காருக்கு அடிப்பக்கம் முழுக்கத் துரு. அந்த ஊர் உப்புக் காற்றில் இரும்பு ரொம்ப நாள் தாங்காது. "அடுத்து மின்சாரக் கார் வாங்குங்க மாமா" என்று சொல்லி, லேப்டாப்பைத் திறந்து எக்செல் ஷீட்டெல்லாம் காட்டினேன். ஒரு நாளைக்குச் சராசரியாக எத்தனை கிலோமீட்டர், எத்தனை ரூபாய் மிச்சம், எல்லாம் கலர் கலராக.

மாமா பொறுமையாகக் கேட்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மாப்ள, ராத்திரி ரெண்டு மணிக்குப் பக்கத்து வீட்டுல நெஞ்சு வலின்னு கதவைத் தட்டுவாங்க. உடனே ஜிப்மர் போகணும். அப்போ உன் கணக்கு என்ன சொல்லும்?"

"108 இருக்கே மாமா" என்றேன். அவர் பதில் சொல்லாமல் டீயைக் குடித்தார். 108 வந்தது 2008ல். அதற்கு முன்பும் பின்பும் அந்தத் தெருவில் எத்தனை பேரை அவர் தன் காரில் ஏற்றிக்கொண்டு போனார் என்று எனக்கே தெரியும்.

இதைக் கேட்கிற உங்களில் பாதிப் பேர் என்னை மாதிரி ஐ.டி.யில் இருப்பீங்க, அதனால இதை இப்படிச் சொல்றேன். ஒரு சர்வர் சராசரியா எவ்வளவு வேகமா பதில் சொல்லுதுன்னு நாம பெருமைப்படுறதில்ல. நூறு ரிக்வெஸ்ட்ல ரொம்ப மோசமா மாட்டிக்கிற அந்த ஒண்ணு எவ்வளவு நேரம் எடுக்குதுன்னு பார்ப்போம். அதுக்குப் பேர்தான் பி99. நான் மாமாவுக்குச் சராசரியைக் காட்டினேன். அவர் என்கிட்ட பி99 கேட்டார். கிராமத்தில் ஒருத்தர் கார் வாங்குவது அந்த நூறாவது நாளுக்கும் சேர்த்துத்தான்.

அன்னைக்கு நான் தோத்துட்டேன். சென்னைக்குத் திரும்பி வந்து, இந்தக் கேள்வியை வரலாற்றில் வேறு யாராவது கேட்டிருக்காங்களான்னு தேடினேன். கேட்டிருக்காங்க. மின்சாரக் காரை ஒரு தடவை சாய்த்ததிலேயே இந்தக் கேள்விக்குப் பெரிய பங்கு உண்டு.

வருஷம் 1900. அமெரிக்காவில் அந்த வருஷம் தயாரான கார்கள் மொத்தமே நாலாயிரத்துச் சொச்சம். அதில் நீராவியில் ஓடியவை 1,681, மின்சாரத்தில் ஓடியவை 1,575. பெட்ரோல் கார் வெறும் 936, மூன்றாவது இடம். மின்சாரக் காரில் சத்தம் இல்லை, புகை இல்லை, முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்றி ஸ்டார்ட் பண்ண வேண்டிய தொல்லை இல்லை. பெட்ரோல் கார் மன்னன் ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாராவே டெட்ராய்ட் எலெக்ட்ரிக் என்ற மின்சாரக் காரைத்தான் ஓட்டினார்.

அப்புறம் ஏன் தோத்துச்சு? 1908ல் ஃபோர்டின் மாடல் டி வந்தது. 850 டாலரில் ஆரம்பித்த விலை, 1920களின் நடுவில் 300 டாலருக்கும் கீழே இறங்கியது. 1912ல் காடிலாக் காரில் செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்ததும் கைப்பிடி சுற்றும் வேலை போனது. இவ்வளவும் எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். இன்னொரு காரணம் இருக்கு, அதை அவ்வளவா யாரும் பேசுறதில்ல. கிராமத்தில் கரண்ட் இல்லை. 1930களின் நடுவில்கூட அமெரிக்காவின் பண்ணை வீடுகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் இருந்தது. கிராமங்களுக்குக் கம்பி இழுக்க அரசாங்கமே தனி அமைப்பு ஆரம்பித்தது 1935ல். ஆனால் பெட்ரோலுக்குக் கம்பி வேண்டாம். தகர டின்னில் மளிகைக் கடைக்கே வந்துவிடும். காரை வாங்கிக் குவித்த விவசாயிக்கு டின் கிடைத்தது, கம்பி கிடைக்கவில்லை. மின்சாரக் கார் நகரத்துப் பணக்காரர்களின் வண்டியாகவே நின்று, மெதுவாக மறைந்துபோனது.

ஒரு வண்டியின் தலையெழுத்தை வண்டி மட்டும் எழுதுறதில்ல. அதுக்குப் பின்னால இருக்கிற வலைப்பின்னலும் சேர்ந்துதான் எழுதுது. இந்தப் பாடத்தைப் படிக்க அமெரிக்கா வரைக்கும் போகவேண்டாம். மரக்காணத்துக்கு இது ஏற்கெனவே தெரியும்.

மரக்காணத்துக்கு ரயில் கிடையாது, பக்கத்து ஸ்டேஷன் திண்டிவனம். அப்போ அந்தக் காலத்தில் அவ்வளவு உப்பு எப்படி மெட்ராஸ் போச்சு? படகில். பக்கிங்காம் கால்வாய் ஞாபகம் இருக்கா? மயிலாப்பூரில் பறக்கும் ரயிலுக்குக் கீழே கருப்பா ஓடுதே, அதேதான். 1806ல் பேசில் காக்ரேன் என்ற வியாபாரி மெட்ராஸிலிருந்து எண்ணூர் வரை வெட்ட ஆரம்பித்தது. பிறகு அரசாங்கம் எடுத்துக்கொண்டு, வடக்கே ஆந்திரா வரையும் தெற்கே மரக்காணம் வரையும் நீட்டியது. 1876லிருந்து 78 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில், பஞ்ச நிவாரண வேலையாக, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் எட்டு கிலோமீட்டர் துண்டைப் பசித்த மக்கள் வெட்டினார்கள். அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் 1878ல் வந்தது. வெட்டினவங்க பெயர் எங்கேயும் இல்ல.

அந்தக் கால்வாயின் தெற்கு முனைதான் மரக்காணம். உப்பும் விறகும் நெல்லும் படகில் போயின. காற்று இருந்தால் பாய், இல்லாவிட்டால் கோல் ஊன்றித் தள்ளுவார்கள், அல்லது கரையில் நடந்துகொண்டே கயிற்றால் இழுப்பார்கள். மெதுவான வண்டிதான், ஆனால் உப்புக்கு அவசரம் இல்லை.

பிறகு லாரி வந்தது. 1965லும் 66லும் அடித்த புயல்களில் கால்வாய் பலத்த சேதம் அடைந்து, சரக்குப் போக்குவரத்து படுத்துவிட்டது. படகு கெட்டுப்போகல மக்களே. படகு அதே படகுதான். வாய்க்கால் தூர்ந்துபோச்சு, தூர் வார ஆளில்ல, அவ்வளவுதான். 1990களின் கடைசியில் ஈ.சி.ஆர். ரோடு புதுச்சேரி வரைக்கும் வந்தபோது, மரக்காணத்து உப்பு முழுக்க டீசலை நம்பியிருந்தது.

இப்போ மின்சாரக் காருக்கு எந்த வலைப்பின்னல் வேணும்? கரண்ட் கம்பி. இங்கதான் நம்ம கதை அமெரிக்காவுக்கு நேர் எதிரா போகுது.

1932ல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் ஓட ஆரம்பித்தது. அந்தக் கரண்ட் கோயம்புத்தூர் மில்களுக்குப் போனது, கூடவே கிணறுகளுக்கும் போனது. 1937ல் மேட்டூர் மின்சாரம். 1957ல் மின்சார வாரியம். காமராஜர் காலத்தில் கிராமம் கிராமமாகக் கம்பி இழுத்தார்கள். பல ஊர்களில் கம்பி முதலில் தேடிப் போனது கிணற்றை, பம்புசெட்டுக்காக. வீட்டு பல்பு பின்னால் வந்தது. 1980களுக்குள் தமிழ்நாட்டின் பெரும்பாலான கிராமங்களுக்குக் கரண்ட் வந்துவிட்டது. நம்ம ஊர்ல நிறைய கிராமங்களுக்குப் பெட்ரோல் பங்க் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே கம்பி வந்துடுச்சு. 1900ல் அமெரிக்க விவசாயிகிட்ட இல்லாத அந்த ஒண்ணு, எங்க மாமா வீட்டுச் சுவத்துல இருக்கு.

ஆனா கம்பி மட்டும் போதுமான்னு கேட்டா, போதாது. அதுக்கும் நம்ம பக்கத்துலயே ஒரு சாட்சி இருக்கு. 1993ல் 'லவ்பேர்ட்' என்று ஒரு சின்ன மின்சாரக் கார் இந்தியாவில் அறிமுகமானது. சாலக்குடியிலும் கோயம்புத்தூரிலும் தயாரானது. ஈய அமில பேட்டரி, ஒரு சார்ஜுக்கு அறுபது கிலோமீட்டர் போகும். விற்றது ரொம்பக் கொஞ்சம், சீக்கிரமே காணாமல் போனது. மின்வெட்டு சகஜமாக இருந்த காலத்தில் அறுபது கிலோமீட்டர் பேட்டரியோடு ஊர்ப் பக்கம் போக யாருக்குத் தைரியம் வரும்?

இப்போ மாமாவுடைய கணக்குக்கு வர்றேன். இந்தத் தடவை பி99 கணக்கு.

24 யூனிட் பேட்டரி உள்ள சின்ன காரையே எடுத்துக்குவோம். நிதானமாக ஓட்டினால் யூனிட்டுக்கு ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர். மாமா ஓட்டும் எழுபது கிலோமீட்டருக்குப் பத்து யூனிட். சாதாரண 15 ஆம்பியர் பிளக் பாயிண்டில் நாலு மணி நேரம் போதும். சென்னை அபார்ட்மென்ட்டில் பார்க்கிங்குக்குப் பிளக் கேட்டு அசோசியேஷனோடு மல்லுக்கட்டும் எனக்கு அந்த வசதி இல்லை. மாமா வீட்டு வாசலில் இருக்கு.

ரெண்டு மணிக் கேள்விக்கும் பதில் இருக்கு. மரக்காணத்திலிருந்து ஜிப்மர் முப்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். பேட்டரி பாதி இருந்தாலே போய்விட்டு வந்துவிடலாம். பாதிக்குக் கீழே இறங்க விடாமல் வைத்திருப்பது ஒரு பழக்கம், அவ்வளவுதான்.

சிக்கல் வேற இடத்துல இருக்கு. முதல்ல பில். தினம் பத்து யூனிட்னா ரெண்டு மாசத்துக்கு 600 யூனிட். வீட்டுச் செலவையும் சேர்த்தால் 500ஐத் தாண்டி, ரேட்டே வேறு ஆகிவிடும். யூனிட் பத்து ரூபாய் என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு நூறு ரூபாய்தான், பெட்ரோலுக்கு நானூறுக்கு மேல் ஆகும். லாபம் இருக்கு, ஆனா நான் முதல்ல காட்டின எக்செல் அளவுக்கு இல்ல.

ரெண்டாவது, எர்த். பழைய வீடுகளில் எர்த் சரியாக இருக்காது. எர்த் இல்லையென்றால் கார் சார்ஜர் பெரும்பாலும் சார்ஜ் ஏற்றவே மறுத்துவிடும். எர்த் குழியில் உப்பும் கரியும்தான் போடுவார்கள். மரக்காணத்தில் உப்புக்குப் பஞ்சமில்லை, ஆனால் அதே உப்பு மண் எர்த் பைப்பைச் சீக்கிரம் அரித்துவிடும். வருஷா வருஷம் பார்க்கவேண்டும்.

மூணாவது, புயல். என்னோட உண்மையான பி99 இதுதான். 2011 டிசம்பர் 30ல் தானே புயல் அடித்தபோது, கடலூர் பக்கம் பல கிராமங்கள் வாரக் கணக்கில் இருட்டில் கிடந்தன. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. மரக்காணத்து உப்பளங்கள் தண்ணீரில் மூழ்கின. அப்படி ஒரு வாரத்தில் பெட்ரோல் பங்க் ஜெனரேட்டரில் ஓடும், கேனில் பிடித்து வைக்கலாம். பேட்டரி தீர்ந்தால் காத்திருக்க வேண்டியதுதான். புயல் எச்சரிக்கை மூன்று நாள் முன்னாடியே வருகிறது, அதனால் முழுசாக ஏற்றி வைத்தால் நூற்றைம்பது கிலோமீட்டர் கையில் இருக்கும். ஆனா ரெண்டாவது வாரத்துக்கு என்கிட்ட பதில் இல்ல.

அதனால என் முடிவு இது. வாசலில் பிளக் இருந்து, தினம் போகும் தூரமும் தெரிந்து, தெருவில் இன்னொரு பெட்ரோல் வண்டியும் இருந்தால், கிராமத்துக்கு மின்சாரக் கார் ஒத்துவரும். சொல்லப்போனால் நகரத்தைவிட நல்லாவே ஒத்துவரும். தெருவுக்கே அது ஒண்ணுதான் வண்டி, அதுவும் புயல் கரையில் என்றால், கொஞ்சம் பொறுக்கலாம். ஈ.சி.ஆரில் சார்ஜர் வருவது பெரிய விஷயம் இல்லை, அங்கே சென்னைக்காரங்க போறாங்க. திண்டிவனம் போகும் உள்ரோட்டில் எப்போ வரும் என்பதும், விழுந்த கம்பத்தை எத்தனை நாளில் நட்டுவைப்பார்கள் என்பதும்தான் கேள்வி. கால்வாயைத் தூர் வாராமல் விட்ட மாதிரி இதையும் விட்டால், கார் நல்ல கார்தான், ஆனால் நின்றுபோகும்.

இதை எல்லாம் போன வாரம் போனில் மாமாவிடம் சொன்னேன். "ரெண்டாவது வாரத்துக்குப் பதில் தெரியலன்னு ஒத்துக்கிட்ட பாரு, இப்பதான் நீ இன்ஜினியர்" என்றார். காரை இன்னும் புக் பண்ணவில்லை. ஆனால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வாசல் பக்கம் புது எர்த் குழி வெட்டியாகிவிட்டதாம். உப்பு அவரே கொடுத்தாராம்.

உங்க ஊர்ல புயலுக்கோ வெள்ளத்துக்கோ அப்புறம் கரண்ட் வர எத்தனை நாள் ஆச்சு? எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோடில் வாசிக்கிறேன். வர்றேன் மக்களே.