முதற்குறிப்பும் பிரமாணத் திரட்டும்: கடல்மல்லைச் சான்றுகளை முன்வைத்து ஒரு சிந்தனை

ஈட்டின் எந்தப் பகுதியை எடுத்துக்கொண்டாலும் மேற்கோள் காட்டும் முறை ஒன்றாகவே இருக்கும். வேதவாக்கியமோ ஸ்ரீராமாயண சுலோகமோ மற்றோர் ஆழ்வாரின் பாசுரமோ, அதன் தொடக்கச் சொற்கள் சில எடுக்கப்பட்டு, 'என்கிறபடியே' என்று பொருளோடு இணைக்கப்படும். நூற்பெயரும் இடமும் பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. இதைக் குறைபாடாகக் கருதுவது மரபை அறியாமை. காலக்ஷேபத்தில் அமர்ந்திருந்தோர்க்கு அவ்வாக்கியங்கள் நெஞ்சில் இருந்தன. முதற்குறிப்பைக் கேட்ட அளவில் முழுச் சுலோகமும் முன்பின் சந்தர்ப்பமும் அவர்கட்குத் தோன்றின. 'கண்ணிநுண்சிறுத்தாம்பு', 'அமலனாதிபிரான்' எனப் பிரபந்தங்களே தொடக்கச் சொற்களால் பெயர் பெற்றமையும் இவ்வழக்கத்தின் வலிமையைக் காட்டும்.

நூலின் அளவைக் கொண்டு நூலைச் சுட்டுவதும் நம் மரபில் உண்டு. முப்பத்திரண்டு எழுத்துக் கொண்டது ஒரு படி. திருவாய்மொழி வியாக்கியானங்கள் ஆறாயிரப்படி, ஒன்பதினாயிரப்படி, பன்னீராயிரப்படி, இருபத்துநாலாயிரப்படி, முப்பத்தாறாயிரப்படி என வழங்குவது இதனாலேயே. திருக்குருகைப்பிரான் பிள்ளான் அருளியது ஸ்ரீவிஷ்ணுபுராண அளவு என்றும், பெரியவாச்சான் பிள்ளை அருளியது ஸ்ரீராமாயண அளவு என்றும், ஈடு சுருதப்பிரகாசிகையின் அளவு என்றும் பெரியோர் சொல்லி வைத்தனர். பெயரைக் கேட்டவுடன் இன்ன உரை என்பது ஐயமின்றி விளங்கியது.

நினைவையே நம்பிய இம்முறைக்குத் துணை தேவைப்படும் காலமும் வந்தது. அத்துணையைச் செய்தருளியவர் மணவாள மாமுனிகள் (1370–1443). ஈட்டில் முதற்குறிப்பாக நின்ற பிரமாணங்களை ஆகரங்களில் தேடி எடுத்து அவர் தொகுத்தது 'பிரமாணத் திரட்டு'. தத்துவத்ரயம், ஸ்ரீவசனபூஷணம் முதலியவற்றிற்கும் அவ்வாறே தொகுத்தார். இதனைத் துணைநூல் என்று எளிதாகக் கடந்துவிடலாகாது. ஆசாரியன் சொன்னது இன்ன இடத்திலிருந்து வந்தது என்பதைப் பின்வருவோர் தாமே பார்த்துத் தெளிய வழிசெய்த பணி அது. உபதேசரத்தினமாலையில் ஈடு வந்த வழியையும் அவர் பதிவு செய்தார்: நம்பிள்ளையிடமிருந்து ஈயுண்ணி மாதவர், அவர் திருக்குமாரர் பற்பநாபர், நாலூர்ப் பிள்ளை, நாலூராச்சான் பிள்ளை வழியாக அது திருவாய்மொழிப்பிள்ளையை அடைந்தது. இன்ன பிரதி, இன்னார் கைவழி என்று சொல்லும் கடமையை இன்றைய பதிப்பாசிரியருக்கு முன்பே மாமுனிகள் நிறைவேற்றியிருக்கிறார்.

இக்காலத்தில் அருளிச்செயலுக்குத் தொடர் எண் இடும் வழக்கம் பரவியுள்ளது. எண் துல்லியமானது என்ற எண்ணமே இங்கு ஏமாற்றுகிறது. திருமடல்களை 40, 78 எனக் கணக்கிட்டு, அவற்றை அடுத்து இராமாநுச நூற்றந்தாதியை வைத்தால், திருவாய்மொழியின் முதற்பாசுரம் 2899. அந்தாதியை நிறைவில் வைத்தால் அதே பாசுரம் 2791. மடல் ஒவ்வொன்றையும் ஒரு பாட்டாகக் கொண்டால் 2675. ஆகவே '2791' என்று மட்டும் எழுதினால், அது திருவாய்மொழியின் முதற்பாசுரமா, நூற்றந்தாதியின் முதற்பாசுரமா என்பது வாசகர்க்குத் தெரியாது. பிரபந்தப் பெயர், பத்து, திருமொழி, பாசுரம் என்ற உள்ளெண் எந்தப் பதிப்பிலும் மாறாது. அதுவே முதன்மை பெறத் தக்கது.

இடம் சுட்டுவதோடு மேற்கோளின் கடமை முடிவதில்லை. எந்தச் செய்தியை எந்தச் சான்று தாங்குகிறது என்பதையும் அது காட்ட வேண்டும். செங்கற்பட்டுச் சீமையின் திவ்யதேசங்களைப் பற்றி எழுதுவோர் இதில் மிகுந்த கவனம் கொள்ள வேண்டியிருக்கிறது.

பூதத்தாழ்வார் இரண்டாம் திருவந்தாதியின் 70ஆம் பாசுரத்தில் மாமல்லையை எம்பெருமான் உகந்த இடங்களுள் ஒன்றாகச் சொல்கிறார். தாம் அங்கே அவதரித்ததாக அப்பாசுரத்தில் சொல்லவில்லை. கடல்மல்லையில் குருக்கத்தி மலரில் அவதரித்தார் என்பது குருபரம்பரை தரும் செய்தி. அச்செய்திக்கு இப்பாசுரத்தை அடிக்குறிப்பாக இடுவது பாசுரத்திற்கும் குருபரம்பரைக்கும் நியாயம் செய்வதாகாது. மாமல்லன் எனப் பெயர் பெற்ற முதலாம் நரசிம்மவர்மனைக் (ஏறத்தாழ 630–668) கொண்டு ஆழ்வாரின் காலத்தைக் கணிக்கும் வரலாற்றாய்வாளரும் இப்பாசுரத்தையே நாடுகின்றனர். பாசுரம் தருவது ஊர்ப்பெயர். காலம் என்பது ஆய்வாளர் அதிலிருந்து கொள்ளும் அனுமானம். இரண்டையும் ஒரே மேற்கோளுக்குள் கலந்துவிடலாகாது.

திருமங்கையாழ்வார் பெரிய திருமொழி 2.5, 2.6 ஆகிய இரண்டு திருமொழிகளால் கடல்மல்லைத் தலசயனத்தை மங்களாசாசனம் செய்தார், அடுத்த 2.7 திருவிடவெந்தைக்கு உரியது. இன்று ஊருக்குள் வழிபாட்டில் உள்ளது ஸ்தலசயனப் பெருமாள் திருக்கோயில். அலைவாய்க் கரையிலுள்ள கற்றளியிலோ பாறையிலேயே வடிக்கப்பெற்ற பள்ளிகொண்ட திருமேனி இருக்கிறது. ஆழ்வார் பாடியது எதனை என்ற விவாதத்தில் 'கல்வெட்டிலும் தலசயனம் என உள்ளது' என்று எழுதிவிடுவது எளிது. 1890இல் ஹுல்ட்ஸ்ச் வெளியிட்ட தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியைப் பார்த்தால் செய்தி வேறாக இருக்கும். முதலாம் இராசராசன் காலத்துக் கடற்கரைக் கோயில் சாசனம், ஜலசயனம் என்ற பெயரை க்ஷத்திரியசிம்ம பல்லவேசுவரம் என்னும் சிவாலயத்தோடு சேர்த்துச் சொல்கிறது. பள்ளிகொண்டருளிய தேவர் சந்நிதியைத் தனியே குறிக்கிறது. தலசயனம், ஜலசயனம் என்பவற்றிடையே வேறுபடுவது ஓரெழுத்தே. மூலத்தைப் பாராமல் ஒருவர் எழுதியதை மற்றொருவர் எடுத்தாண்டால், அந்த ஓரெழுத்துப் பிழை ஒரு திவ்யதேசத்தின் வரலாற்றையே மாற்றிவிடும்.

மதுராந்தகத்திலும் இவ்வாறே. பெரிய நம்பிகள் எம்பெருமானார்க்குப் பஞ்சசம்ஸ்காரம் செய்தருளியதற்குச் சான்று குருபரம்பரை. ஏரிக்கரையைப் பெருமாளும் இளையபெருமாளும் வில்லேந்திக் காத்ததை ஆட்சியர் லயனல் பிளேஸ் கண்டார் என்பது ஊரார் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு. தாயார் சந்நிதிக் கல்வெட்டு அத்தருமத்தை அவருடையதாகக் குறிக்கிறது. கல்வெட்டுக் கைங்கரியத்திற்குச் சான்று. சேவை கண்டதற்கு ஊர்வழக்கே சான்று. 'ஐதிகம்' என்று உரைத்து எழுதுவதனால் அதன் பெருமை சிறிதும் குறையாது. இல்லாத கல்வெட்டு வாசகத்தை அதன்மேல் ஏற்றுவதே அதற்கு இழுக்கு.

எனவே, கட்டுரைப் படியை அமைப்போர் சிலவற்றைப் பேணுவது நலம். பாசுரத்தை உள்ளெண்ணால் சுட்டி, தொடர் எண் தருவதாயின் எந்தப் பதிப்பின் எண் என்பதையும் சேர்க்க வேண்டும். வியாக்கியானத்தை மேற்கோள் காட்டும்போது ஆசாரியர் பெயரோடு உரையின் பெயரும், எப்பாசுரத்தின் அவதாரிகையில் அல்லது உரையில் அது வருகிறது என்பதும் வேண்டும். பதிப்பாசிரியர், ஊர், ஆண்டு, பக்கம் ஆகியவை அதன்பின் வரலாம். கல்வெட்டாயின் தொகுதியும் எண்ணும் இன்றியமையாதன. உரையாசிரியர் எடுத்த பிரமாணத்தை மூலத்தில் தாமே கண்டிருந்தால் மூலத்தைச் சுட்டலாம். காணாதபோது 'ஈட்டில் எடுத்தாளப்பட்டது' என்று எழுதுவதே நேர்மை. கேட்டறிந்ததைக் கேட்டறிந்தது என்றே எழுத வேண்டும்.

சொந்தச் சரக்கை ஆசாரியர் வாக்காகக் காட்டாமல், கேட்டதைக் கேட்டபடி சொல்லுவதையே பூருவாசாரியர்கள் நெறியாகக் கொண்டனர். நினைவாற்றல் நிறைந்திருந்த சபையில் அந்நெறிக்கு முதற்குறிப்புப் போதுமானதாக இருந்தது. அச்சேறிய நூலை முன்பின் அறியாதவரும் எடுத்துப் படிக்கும் இந்நாளில், பிரமாணத் திரட்டு காட்டிய வழியே நமக்கு உரியது.