படுக்கைக்கும் தோலுக்கும் நடுவே

வேட்டைக்காரர் ஒருவர் காட்டோரம் ஒரு சின்ன வீடு கட்ட நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு அறை, ஒரு அடுப்படி, உட்கார ஒரு திண்ணை. இதுவரைக்கும் எந்தக் கொத்தனாரும் கட்டித் தந்துவிடுவார். சுட்டுக் கொண்டுவந்த மிருகத்தை எங்கே போடுவது என்பதில்தான் சிக்கல் வரும். தொங்கவிட உத்தரம் வேண்டும், ரத்தம் ஓட வாட்டமான தரை வேண்டும், கழுவத் தண்ணீர் வேண்டும், ஈ வரக்கூடாது. இத்தனையும் வேண்டும், ஆனால் தூங்குகிற அறைக்கு வாடையும் வரக்கூடாது. படுக்கைக்கும் பிணத்துக்கும் நடுவே எத்தனை அடி விடுவது என்பதுதான் வேட்டை முகாம் கட்டுவதில் உள்ள ஒரே கடினமான கணக்கு. மற்றதெல்லாம் செங்கல், சுண்ணாம்பு.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கத்து ஆட்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. உரித்த பச்சைத் தோலில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். வேலூர் வெயிலில் சில மணி நேரம் சும்மா கிடந்தாலே அழுக ஆரம்பித்துவிடும். அதனால் உடனே உப்பு போட வேண்டும், அதுவும் கொஞ்சநஞ்சமல்ல, தோல் எடையில் ஏறக்குறைய 40 சதவீதம். (அந்த உப்பு கடைசியில் பாலாற்றுக்குப் போனது தனிக்கதை. 1996-ல் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய்வந்த கதை.)

வெள்ளைக்காரன் காலத்து வேட்டை முகாம்களும் இதே உப்போடும் வெயிலோடும்தான் மல்லுக்கட்டின. ஆனால் புத்தகங்களில் புலி இருக்கும், துப்பாக்கி இருக்கும், நிலா வெளிச்சம் இருக்கும். புலியைச் சுட்ட மறுநாள் காலை என்ன நடந்தது என்பது மட்டும் நாலு வரியில் முடிந்துவிடும். எனக்கு அந்த நாலு வரிதான் வேண்டும்.

தமிழ்நாட்டில் வேட்டைக்குடில் என்றதும் காட்ட ஒரு இடம் இருக்கிறது. கொடைக்கானலில் பேரிஜம் ஏரியைத் தாண்டிப் போனால் 'ஃபோர்ட் ஹாமில்டன்' என்ற பெயர் வரும். கோட்டை என்று நம்பிப் போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். அங்கே இருந்தது ஒரு சின்னக் குடில், அவ்ளோதான். மெட்ராஸ் நேட்டிவ் இன்ஃபன்ட்ரி 21-வது ரெஜிமென்ட்டைச் சேர்ந்த டக்ளஸ் ஹாமில்டன் 1859 முதல் 1862 வரை கொடைக்கானலில் தங்கியிருந்தார். நன்றாகப் படம் வரைவார், மலைகளை வரைந்து தரும் வேலையை அரசாங்கமே அவருக்குக் கொடுத்தது. மீதி நேரமெல்லாம் வேட்டை. அவருடைய வேட்டைக் குறிப்புகள் அவர் இறந்த 1892-ல் புத்தகமாக வந்தன. குடிலுக்குக் 'கோட்டை' என்று பெயர் வைத்தது யாருடைய நக்கலோ!

மைசூர்ப் பக்கம் இன்னொருவர், ஜி.பி. சாண்டர்சன். கால்வாய் வேலைக்கு வந்து, யானை பிடிப்பதில் பேரெடுத்தவர். சாமராஜநகருக்கு அருகே மோர்லே என்ற இடத்தில் காட்டை ஒட்டி பங்களா கட்டிக்கொண்டு, அந்த வாழ்க்கையை 1878-ல் புத்தகமாக எழுதினார். கூடாரத்திலிருந்து கட்டடத்துக்கு மாறியது அந்தத் தலைமுறைதான். கூடாரம் இருந்தவரை இடப் பிரச்சினை இல்லை. நாற்றம் அதிகமானால் கூடாரத்தைப் பெயர்த்து அடுத்த மரத்தடிக்குப் போய்விடலாம். செங்கல் வைத்துக் கட்டியபிறகு நகர முடியாது, எது எங்கே என்று முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும்.

அப்படி முடிவு செய்த வரைபடம் ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றுதான். பின்னால் வனத்துறை ஓய்வு விடுதிகளும் இதையே எடுத்துக்கொண்டன. உயர்ந்த அடித்தளம், முன்னால் அகலமான வராந்தா, நடுவே கூடம், இரண்டு பக்கமும் படுக்கையறை, அதனோடு ஒட்டிய குளியலறை. சமையல்கட்டு மட்டும் பின்னால், தனிக் கட்டடமாக. தீ பயம் ஒரு காரணம், புகையும் வாடையும் இன்னொரு காரணம். சமையல்காரரும் குதிரைக்காரரும் அதற்கும் பின்னால். 'பங்களா' என்ற சொல்லே வங்காளத்து வீடு என்ற பொருளில் வந்ததுதான். வங்கத்துக் குடிசையின் தாழ்வாரத்தை வெள்ளைக்காரன் எடுத்துக்கொண்டு, அதிலே சாய்வு நாற்காலி போட்டு உட்கார்ந்தான்.

இந்த வரைபடத்தில் ஒரு அறை இல்லை. மிருகத்தைத் தொங்கவிடும் அறை.

இது ஆச்சரியமான விஷயம். ஏனென்றால் இதே ஆட்களின் சொந்த ஊரில் அந்த அறைக்கு ராஜ மரியாதை. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து பெரிய எஸ்டேட்களில் வேட்டை இறைச்சிக்கென்றே தனிக் கட்டடம் உண்டு. பல இடங்களில் எண்கோண வடிவில், நிழல் விழும் இடம் பார்த்துக் கட்டியிருப்பார்கள். சுவர் முழுக்கக் காற்று நுழையும் மரச் சட்டங்கள், ஈ நுழையாத வலை, உள்ளே வரிசையாகக் கொக்கிகள். மானும் காட்டுக்கோழியும் நாள்கணக்கில் அங்கே தொங்கிப் பதமாகும். இன்றைக்கும் ஐரோப்பாவில் மான் போன்ற பெரிய வேட்டை இறைச்சியை 7 டிகிரிக்குக் கீழே குளிர்விக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அங்கே மலையடிவாரத்துக் குளிர் இந்த வேலையைப் பாதி செய்துவிடும். வேலூரில் மே மாதம் 40 டிகிரி. கறியைத் தொங்கவிட்டால் பதமாகாது, நெளியும்.

ஆனால் வெயில் மட்டும் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. இங்கே துரைக்குக் கறி பெரிதாக வேண்டியிருக்கவில்லை. அவருக்கு வேண்டியது தோல், கொம்பு, தலை, பிறகு ஒரு போட்டோ. ஒரு தொடைக்கறி சமையல்கட்டுக்குப் போகும். மீதி, காடு கலைத்தவர்களுக்கும் ஊருக்கும். கூட வந்த துணையாள் முஸ்லிமாக இருந்தால் மானுக்கு உயிர் போகுமுன் ஓடிப்போய் அறுத்தாக வேண்டும், இல்லையென்றால் அவர் அந்தக் கறியைத் தொடமாட்டார். வேட்டைக் குறிப்புகளில் இந்த ஓட்டம் அடிக்கடி வரும். கறி ஊருக்குப் போனபின் அதற்குக் கட்டடம் எதற்கு? தரையில் இலை பரப்பி, கூறு போட்டு, ஆளுக்கொரு பங்கு. மிஞ்சியது மஞ்சளும் உப்பும் தடவி, கயிற்றில் கோத்து வெயிலில் உப்புக்கண்டமாகும். இங்கிலாந்தில் எண்கோணக் கட்டடம் செய்த வேலையை இங்கே ஒரு கயிறும் நல்ல வெயிலும் செய்தன.

சங்க காலத்திலேயே இந்தப் பக்கத்து மலைக்கு வழிகாட்டி இருக்கிறது. மலைபடுகடாம் பாடுவது செங்கத்து நன்னனின் ஊருக்குப் போகும் வழியை. ஜவ்வாது மலையின் தெற்கு அடிவாரம் அது. வழியில் பாணர்களுக்கு மலைவாழ் மக்கள் கறியும் சோறும் கொடுத்து அனுப்புவார்கள். வேட்டைக்கறி வந்தவனுக்கும் உண்டு என்பது அங்கே பழைய பழக்கம்.

சரி, தோலுக்கு வருவோம். கறியைப் போலத் தோலை ஊருக்குக் கொடுத்துவிட முடியாது. அதைக் காப்பாற்ற வேண்டும், அதற்கு வேலை தெரிந்த கை வேண்டும். தாடையிலிருந்து வால் வரை அடிவயிற்றில் ஒரே கோடாகக் கீறி உரிக்க வேண்டும். உதடு, காது, பாதம் மூன்றும்தான் முதலில் அழுகும், அவற்றை உள்பக்கமாகத் திருப்பிச் சுத்தம் செய்ய வேண்டும். கொழுப்பையும் சவ்வையும் ஒரு பொட்டு விடாமல் சுரண்டி, நிழலில் ரோமம் கீழாக விரித்து, ஓரமெல்லாம் முளை அடித்து, படிகாரம் தேய்க்க வேண்டும். ஆர்செனிக் கலந்த சோப்பும் தடவுவார்கள். 18-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸின் மெட்ஸ் நகரத்து மருந்துக்கடைக்காரர் பெகூர் கண்டுபிடித்த கலவை அது. வண்டு அரிக்காது, ஆனால் தடவுகிற கைக்கு என்ன ஆகும் என்று வேட்டைப் புத்தகங்கள் பெரிதாகக் கவலைப்படவில்லை.

இங்கே ஒரு வேடிக்கை. தோலில் அழுகல் தொடங்கினால் முதலில் ரோமம் வேரோடு கழன்றுவரும். வேட்டைக்காரருக்கு அதைவிடப் பெரிய நஷ்டம் கிடையாது, புலித்தோலில் வரியே போய்விட்டால் என்ன மிச்சம்? இருபது மைல் தள்ளி ஆம்பூர் டேனரியிலோ ரோமம் கழலட்டும் என்றே தோலைச் சுண்ணாம்புக் குழியில் நாள்கணக்கில் ஊறப்போடுவார்கள். அப்புறம் ஆவாரம்பட்டையும் கடுக்காயும். ஒரே மாவட்டம், ஒரே வெயில், ஒரே உப்பு, நேரெதிர் ஆசை.

உரித்தவர் யார்? ஹாமில்டன் பெயர் மலையில் நிற்கிறது. சாண்டர்சன் பெயர் நூலகத்தில் நிற்கிறது. கத்தி பிடித்தவருக்குப் பெயரே கிடையாது, பெரும்பாலும் சாதிதான் பெயர். தோல்வேலை செய்த சாதியின் பெயரை வெள்ளைக்காரர்கள் 'சக்ளர்' என்று ஆங்கிலச் சொல்லாகவே ஆக்கிக்கொண்டார்கள். 1886-ல் வந்த ஹாப்ஸன்-ஜாப்ஸன் அகராதியில் அது தனிப்பதிவாக இருக்கிறது. அவர்கள் உட்கார்ந்து வேலை செய்த இடம் பங்களாவுக்குப் பின்னால், சமையல்கட்டுக்கும் பின்னால், காற்று வீட்டைப் பார்த்து வீசாத திசையில் ஒரு மரத்தடி. வரைபடத்தில் அதற்குக் கோடே போடவில்லை. அதற்காக அது திட்டமில்லாமல் அமைந்த இடம் என்று சொல்லிவிட முடியுமா? ஊரில் சேரி எந்தத் திசையில் இருக்கும் என்பதற்கும் யாரும் வரைபடம் போட்டதில்லை.

துரைக்கு அவர்கள்மேல் நம்பிக்கையும் இல்லை. புலி நகமும் மீசை மயிரும் காணாமல்போகும் என்று பலர் புலம்பியிருக்கிறார்கள். நகம் தாயத்துக்கு. கொழுப்பு உருக்கி வாதத்துக்கு. துரையும் சளைத்தவரில்லை. புலியின் தோள்பட்டைச் சதைக்குள் தனியாக மிதக்கும் சின்ன எலும்பை அதிர்ஷ்ட எலும்பு என்று எடுத்து, தங்கம் கட்டி மனைவிக்கு புரோச் செய்துகொடுத்தவர்கள் உண்டு. மூடநம்பிக்கை யாருக்கு என்பது யார் எழுதுகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

காய்ந்த தோல் அப்புறம் ரயிலேறும். தென்னிந்தியாவில் அது போய்ச்சேரும் பெரிய முகவரி, மைசூரில் வான் இங்கன் குடும்பத்துப் பட்டறை. 1900 வாக்கில் தொடங்கி 1999 வரை நடந்தது. புலியும் சிறுத்தையுமாக 40,000-க்கும் மேல் அங்கே பாடம் செய்யப்பட்டன. எண்ணிக்கையை ஒருமுறை திரும்பப் படியுங்கள். ஒரே பட்டறை.

வேலூர்ப் பக்கத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் (1910–1974) ஏலகிரி மலையில் ஆட்களைக் கொன்ற சிறுத்தையைச் சுட்ட கதையை எழுதியிருக்கிறார். இன்றைக்கு ஏலகிரியில் ரிசார்ட்டுகளும் படகுச் சவாரியும். வார இறுதியில் பார்பிக்யூ போடுகிற கூட்டத்தில் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "இங்கயா? சும்மா சொல்லாதீங்க" என்றார்.

1970-ல் புலி வேட்டைக்குத் தடை, 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். வேட்டை முகாம் கட்டுகிற கேள்வி இந்தியாவில் அத்தோடு முடிந்தது. முடிந்ததில் எனக்குச் சந்தோஷமே. ஆனால் சட்டம் எல்லார் மேலும் ஒரே மாதிரி விழவில்லை. பங்களாக்காரர்கள் 'ஓய்வுபெற்ற வேட்டைக்காரர்' என்ற மரியாதையோடு புத்தகம் எழுதினார்கள். ஜவ்வாது மலையில் நாட்டுத் துப்பாக்கியோடு பன்றிக்குப் போனவர் மீது வழக்கு விழுந்தது. 1882-ன் மெட்ராஸ் வனச் சட்டத்திலிருந்தே அவருக்கு இது பழக்கம்தான். தன் காட்டுக்குள் அனுமதி கேட்டு நிற்பவர் அவர்.

வேட்டை முகாம் போய்விட்டாலும் அந்தக் கணக்கு இந்தப் பகுதியை விட்டுப் போகவில்லை. படுக்கைக்கும் தோலுக்கும் நடுவே எத்தனை அடி? 1903-ல் ஆல்ஃப்ரட் சாட்டர்டன் மெட்ராஸில் குரோம் பதனிடலைச் சோதிக்கத் தொடங்கினார். வாரக்கணக்கில் ஆன வேலை நாள்கணக்குக்கு வந்தது. பட்டைத் தண்ணீருக்குப் பதில் குரோமியத் தண்ணீர் வெளியே ஓடியது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் விடமுடியாது என்றானது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பெருகின. தண்ணீரைப் பிரித்தால் அடியில் சேறு மிஞ்சும். அந்தச் சேற்றைத் தொட்டியில் தேக்கிவைத்தார்கள்.

முதலாளி வீடு தொழிற்சாலையிலிருந்து எவ்வளவு தூரம் என்று ஆம்பூரிலோ ராணிப்பேட்டையிலோ யாரும் கேட்கத் தேவையில்லை, பார்த்தாலே தெரியும். சாண்டர்சன் கூடத் தன் பங்களாவுக்கும் தோல் காயும் இடத்துக்கும் நடுவே தூரம் விடாமல் இருந்திருக்கமாட்டார். வெளியூரிலிருந்து வந்து வேலை செய்கிறவர்களுக்குத்தான் அந்தத் தூரம் கிடைப்பதில்லை. வேலை முடிந்தால் அதே வளாகத்திலேயே பாய் விரித்துக்கொள்வார்கள். வாடகை மிச்சம், காலையில் ஷிஃப்டுக்கு நடக்க வேண்டாம்.

2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்து டேனரிக்குள் சேறு புகுந்தது. உள்ளே தூங்கிக்கொண்டிருந்தவர்களில் 10 பேர் இறந்துபோனார்கள். அவர்களில் 9 பேர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள்.