பெயர் தெரியாத முன்னோர்: பழைய குடும்பப் படம் கூறும் வரலாறு

இல்வாழ்வான் பேண வேண்டிய ஐவரைக் கூறும் திருவள்ளுவர், மறைந்த முன்னோராகிய தென்புலத்தாரையே முதலில் வைத்தார். மகாளய அமாவாசையன்று எள்ளும் நீரும் இறைப்போர் தந்தை, பாட்டன், பூட்டன் என மூன்று தலைமுறையினரின் பெயர்களைச் சொல்வது மரபு. மலாயா மண்ணில் வேரூன்றிய பல குடும்பங்களில் மூன்றாவது பெயர் கிடைப்பதில்லை. ஆனால், பழைய இரும்புப் பெட்டிக்குள் தலைப்பாகையும் கோட்டும் அணிந்த ஒருவரின் படம் இருக்கிறது. அவர் இன்னார் என்று அறிந்திருந்த மூதாட்டியும் மறைந்துவிட்டார்.

பெயர் மறைந்ததற்குக் காரணங்கள் உண்டு. தமிழருக்குக் குடும்பப் பெயர் என்ற வழக்கம் இல்லை. மகனின் பெயரைக் கொண்டு பாட்டனைத் தேட இயலாது. தோட்டத்திலும் அலுவலகத்திலும் ஆங்கில எழுத்தில் பதிந்தபோது ஒரே பெயர் பலவாறு உருமாறியது. 1938இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளர் மலாயாவுக்கு வருவதைத் தடை செய்தது. பின்னர் 1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானியர் ஆட்சி, ஊருக்கும் இங்குள்ளோருக்கும் இடையிலான கடிதப் போக்குவரத்தைக் குலைத்தது.

எனினும், படம் முற்றிலும் ஊமையன்று. முதலில் அதன் பின்புறத்தைப் பார்த்தல் வேண்டும். அஞ்சலட்டையில் அச்சிட்ட படமாயின், முகவரிக்கும் செய்திக்கும் இடையே கோடு உள்ளதா எனக் காண்க. அம்முறை பிரிட்டனில் 1902இல்தான் வந்தது. ஆதலால் கோடுள்ள படம் அதற்கு முற்பட்டதன்று. படம் ஒட்டிய அட்டையில் நிலையத்தின் பெயரும் முகவரியும் இருக்கலாம். சிங்கப்பூரின் புகழ்பெற்ற லம்பர்ட் நிலையம் 1867இல் தொடங்கியது. முகவரியில் ‘ஐக்கிய மலாய் நாடுகள்’ என்பதைக் குறிக்கும் ஆங்கில எழுத்துகள் இருப்பின், அவ்வமைப்பு தோன்றிய 1896க்குப் பிற்பட்டது என அறியலாம். இந்திய தேசிய இராணுவச் சீருடை காணப்பட்டால் காலம் 1942க்கும் 1945க்கும் இடைப்பட்டதாகும்.

காலம் தெரிந்த பின் வயதைக் கணக்கிட வேண்டும். கோடுள்ள அஞ்சலட்டைப் படத்தில் இருப்பவருக்கு முப்பது வயது மதிக்கத்தக்கதாயின், அவர் 1870ஐ ஒட்டியோ அதற்குப் பின்னரோ பிறந்தவர். 1890இல் காலமான பூட்டனாக அவர் இருக்க முடியாது. இவ்வாறு ஒவ்வொருவராக விலக்கி வந்தால், எஞ்சுவோர் ஓரிருவரே.

இங்கு எச்சரிக்கை தேவை. படநிலையத்தார் கோட்டையும் நாற்காலியையும் இரவல் தருவதுண்டு. கோட்டு அணிந்தவரெல்லாம் கிராணியார் அல்லர். முகச்சாயலும் ஏமாற்றும்; தந்தையும் மகனும் ஒரே வயதில் ஒன்றுபோல் தோன்றுவர். காது மடலின் அமைப்பு, தழும்பு ஆகியவற்றைப் பெயர் தெரிந்த வேறு படங்களோடு ஒப்பிடுதல் நன்று. உறவினர் இருவரிடம் தனித்தனியே கேட்டல் வேண்டும். ஒருவர் சொன்னதை மற்றவரிடம் முன்கூட்டிச் சொல்லலாகாது. பிறப்பு, இறப்புப் பத்திரங்களும் 1948இல் மலாயாவில் தொடங்கிய அடையாள அட்டையும் துணை செய்யும். உறுதி இல்லையெனில் ‘இவராக இருக்கலாம்’ என்றே எழுத வேண்டும். தவறான பெயரைச் சூட்டினால், உரியவர் இரண்டாம் முறையும் மறைந்துபோவார்.

இம்முயற்சி வெறும் பொழுதுபோக்கன்று. 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்த சயாம் மரண இரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் பல்லாயிரவர் கொண்டு செல்லப்பட்டனர். திரும்பாதோர் பலருக்குப் பெயர் பொறித்த கல்லறை கிடையாது. அத்தகைய ஒருவருக்கு வீட்டிலுள்ள படமே நினைவுச் சின்னம்.

ஆகவே, இல்லத்து மூத்தோரை அமர்த்தி, படங்களை ஒவ்வொன்றாகக் காட்டிக் கேட்டல் வேண்டும். பெயர், உறவுமுறை, ஊர், ஆண்டு, சொன்னவர் யார் என்பவற்றைப் படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் எழுதுதல் நலம். மை ஊறிப் படத்தைக் கெடுக்கும். அடுத்த மகாளய அமாவாசை வருமுன் ஒரு பெயர் மீண்டாலும், அவ்வீட்டார் இறைக்கும் எள்ளும் நீரும் உரியவரின் பெயரோடு சேரும்.