துரைத் தலையில் ஏறிய நெட்டி

உத்திரமேரூர் வட்டாரத்து ஏரிகளின் கதையில்தான் இந்த வாரமும் இருக்கிறோம். பல்லவர் காலத்து வைரமேக தடாகத்தையும், சோழர் கல்வெட்டு சொல்லும் ஏரி வாரியத்தையும் பார்த்துவிட்டோம். இப்போது ஒரு நீர்ச்செடிக்கும் வெள்ளைக்காரப் பட்டாளத்துக்கும் இருந்த உறவைப் பார்க்கலாம்.

நெட்டியைத் தெரியும்தானே? தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் தானாக முளைக்கும். தோலைச் சீவினால் உள்ளே பால் வெள்ளையாகத் தக்கை. காவிரிப் படுகையில் மாட்டுப் பொங்கலுக்கு மாட்டின் கழுத்தில் ஏறும் மாலை இதில் செய்வதுதான். திருச்சிக் கைவினைஞர்கள் இதிலேயே கோபுரம் செதுக்கினார்கள். இதே செடி வங்காளச் சதுப்பு நிலங்களிலிருந்து மூட்டை மூட்டையாகப் போய் சோலா தொப்பி ஆனது. தண்டை உருட்டிக்கொண்டே கத்தியால் சீவித் தாளாக எடுப்பார்கள். அந்தத் தாள்களை அச்சின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாகப் பசையிட்டு ஒட்டிக் காயவைத்து, மேலே துணி தைப்பார்கள். தக்கைக்குள் முழுக்கக் காற்று என்பதால் கனமும் இல்லை, சூடும் இறங்காது.

ஆங்கிலேயர் வந்த நாளிலிருந்தே இதைப் போட்டிருந்ததாக நம் நாடகங்கள் காட்டுகின்றன. அது சரியல்ல. 1799-இல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட பானர்மனுக்கும், மதுராந்தகம் ஏரிக்கரையைக் காக்கப் பாடுபட்ட கலெக்டர் லயோனல் பிளேஸுக்கும் இந்தத் தொப்பி கிடையாது. 1840-களின் பஞ்சாப் போர்களில்தான் சில அதிகாரிகள் போடத் தொடங்கினார்கள். 1857-இல்கூட வெள்ளைச் சிப்பாய்க்குக் கிடைத்தது குல்லாயும் அதன்மேல் ஒரு துணி உறையும்தான். கர்னல் நீல் நடத்திச் சென்ற மெட்ராஸ் பியூசிலியர்ஸ் படைக்கு 'நீலக் குல்லாய்' என்ற பட்டப்பெயர் வந்ததே அந்த உறையின் நிறத்தால். 1881-இல் அந்தப் படை ராயல் டப்ளின் பியூசிலியர்ஸ் ஆனபோதும் பட்டப்பெயர் கூடவே போனது.

பிறகு வெள்ளைத் தொப்பி பட்டாளத்துக்கே பொதுவானது. ஆனால் வெள்ளை நிறம் எதிரிக்குக் குறி பார்க்க வசதி. அதனால் 1878-80 ஆப்கன் போரிலும் 1879 ஜூலு போரிலும் சிப்பாய்கள் அதைத் தேயிலைத் தண்ணீரில் நனைத்துப் பழுப்பாக்கிக்கொண்டார்கள். 1900 வாக்கில் காக்கித் துணி போர்த்திய வோல்ஸ்லி தொப்பி வந்தது. அது பெரும்பாலும் கார்க்கில் செய்தது.

இந்தத் தொப்பியைத் தாங்கி நின்றது ஒரு மருத்துவ நம்பிக்கை. வெப்பமண்டல வெயிலில் கண்ணுக்குத் தெரியாத கதிர் ஒன்று இருக்கிறது, அது ஐரோப்பியரின் மண்டையையும் முதுகுத் தண்டையும் துளைத்துவிடும் என்று படித்த மருத்துவர்களே எழுதினார்கள். முதுகுக்கும் பஞ்சுப் பட்டை கட்டினார்கள். அதே வெயிலில் நம் கழனிகளில் தலையில் ஒரு துண்டோடு பெண்கள் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்தும் அந்த நம்பிக்கை அசையவில்லை. இந்தியரின் மண்டையோடு வேறு மாதிரியானது என்று சொல்லிவிட்டார்கள். இந்தத் தொப்பியின் வரலாற்றில் என்னை மிகவும் கோபப்படுத்துவது இதுதான். உண்மையில் சிப்பாயைக் கொன்றது கம்பளிச் சட்டையும் உச்சி வெயிலில் நடத்திய அணிவகுப்பும். இரண்டாம் உலகப்போரில் பர்மா முனையில் சாதாரணத் துணித் தொப்பியோடு போரிட்டவர்களுக்கு அந்தக் கதிர் ஒன்றும் செய்யவில்லை. 1948-இல் பிரிட்டிஷ் ராணுவம் வோல்ஸ்லியைக் கைவிட்டது.

இன்று உலகெங்கும் இதைச் சேகரிக்கிறார்கள். சர்வே, பாசனம், வனத்துறை என்று வெயிலில் அலைந்த இந்திய அதிகாரிகளும் இதைப் போட்டதால், நம் ஊர்ப் பரண்களிலும் சில கிடக்கின்றன. உத்திரமேரூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு வீட்டில் அப்படி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். விளிம்பின் அடியில் கண் கூசாமலிருக்கப் பச்சைத் துணி. உள்ளே தோல் பட்டை தொப்பியோடு ஒட்டாமல், சிறு தக்கைத் துண்டுகளில் தள்ளி நின்றது. அந்த இடைவெளியில் ஏறும் சூடான காற்று உச்சியில் உள்ள குமிழ் வழியாக வெளியேறும். துணி கிழிந்த ஓரிடத்தில் நெட்டித் தாள்களின் அடுக்கு தெளிவாகத் தெரிந்தது.

கிடைத்தால் முதலில் எடை பாருங்கள். கனத்தால் அது கார்க்காகவோ அழுத்திய காகிதக் கூழாகவோ இருக்கலாம். ராணுவத் தொப்பியா என்பதை உள்ளே இருக்கும் அம்பு முத்திரையும் ஆண்டும் சொல்லும். பச்சை நிறத்தில் பழையதுபோல விற்பனைக்கு வருபவற்றில் வியட்நாம் ராணுவத் தொப்பிகளும் உண்டு. அவையும் அருமையான வரலாறுதான், ஆனால் அது பிரெஞ்சு ஆட்சியிலிருந்து வந்த வேறு கிளை. தொப்பியைத் தண்ணீரில் கழுவக் கூடாது, பசை விட்டுவிடும். கரையானுக்கு எட்டாத இடத்தில், கவிழ்த்து வைக்காமல், உள்ளே துணி அடைத்து வையுங்கள்.

நசுங்கியதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் நெட்டி வேலைக்காரர்களிடம் கொண்டு போய்க் காட்டுங்கள். இந்தத் தக்கையை அவர்கள் அளவுக்கு அறிந்தவர்கள் இல்லை.

(தொடரும்)