வாய்க்காலிற் கற்ற தலைமை

கல்முனை, சம்மாந்துறை வயல்களின் வரலாற்றை அணைக்கட்டோடு முடிப்போர் பாதியையே கூறுகின்றனர். 1949ஆம் ஆண்டு தொடங்கிய கல்லோயாத் திட்டம் சேனநாயக்க சமுத்திரத்தைத் தந்தது. நீரைப் பங்கிடும் ஒழுங்கைத் தரவில்லை. பழைய விதானைமாரின் அதிகாரம் 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டத்தாற் பயிர்ச்செய்கைக் குழுக்களுக்கு மாறியது. அதன் பின்னரும் இடதுகரையின் கடைக்கோடி வயல்கள் காய்ந்தன.

1981இல் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிலையமும் கோர்ணல் பல்கலைக்கழகமும் இணைந்து இளம் பட்டதாரிகளை அமைப்பாளர்களாக இடதுகரைக்கு அனுப்பின. அவர்கள் சங்க யாப்பை ஏந்திச் செல்லவில்லை. ஒரே வயல் வாய்க்காலில் நீர் பெறும் விவசாயிகளை ஒன்றுகூட்டி, முதலில் வாய்க்காலைத் துப்புரவாக்கவும், பின் முறைவைத்து நீர் பாய்ச்சவும் தூண்டினர். வேலை நடந்த பின்னரே தலைவர் தெரிவு; அதுவும் வாக்கெடுப்பின்றி, எல்லோரின் இணக்கத்தோடு. அவ்வாண்டுச் சிறுபோகத்தில் நீர்த்தேக்கம் ஏறக்குறைய காற்பங்கே நிறைந்திருந்தது. ஆயினும் தலைப்பகுதிச் சிங்கள விவசாயிகள் மிச்சம்பிடித்த நீர் கடைக்கோடித் தமிழ் விவசாயிகளைச் சென்றடைந்தது.

நிரந்தர நியமனமின்மையால் அமைப்பாளர் பலர் ஆசிரியத் தொழிலை நாடிச் சென்றனர். குழுக்களோ கலையவில்லை, தலைமையை விவசாயிகளே கற்றிருந்தனர். 1988இல் அரசு விவசாயிகள் பங்குபற்றும் நீர் முகாமையைத் தேசியக் கொள்கையாக ஏற்றது. பட்டம் பெற்றுப் பணிமனைகளுக்குச் செல்லவிருக்கும் நாம் மனங்கொள்ளத்தக்க பாடம் இதுவாகும்: தான் விலகிய பின்னும் வேலை நடக்கச் செய்தவனே மாற்றத்தை நடத்தியவன்.