வாசலில் பிரிந்த குடும்பங்கள்

அயர்லாந்துக்கென 1838-இல் ஏழையர் சட்டம் இயற்றப்பட்டது. நாடு 130 வட்டாரங்களாக வகுக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் 'ஒர்க்ஹவுஸ்' என்னும் ஏழையர் விடுதி எழுந்தது. ஜார்ஜ் வில்கின்சன் வரைந்த கட்டடங்கள் ஒரே அச்சில் வார்த்தவை போன்றிருந்தன. செலவுக்கு உள்ளூர்ச் சொத்து வரி. கணக்குக்குக் காப்பாளர் குழு. உள்ளாட்சிக்கு ஒரு மேலாளரும் ஒரு மேற்பார்வை அம்மையாரும்.

வெளியே வாழும் ஏழைத் தொழிலாளியின் நிலையைவிட உள்ளே வாழ்வு மேலானதாக இருத்தலாகாது என்பது கொள்கை. ஆனால் உருளைக்கிழங்கையே உண்டு வாழ்ந்த குடியானவனுக்கு அதனினும் எளிய உணவு ஏது? எனவே கண்டிப்பைக் கூட்டினார்கள். குடும்பம் முழுவதுமாகவே வந்து சேர வேண்டும். சேர்ந்தபின் குடும்பமாக வாழ இயலாது. எத்தகைய முரண்பாடு! சொந்த உடையைக் களைந்து விடுதி உடை அணிந்ததும், கணவன் ஒரு பகுதிக்கு, மனைவி வேறொன்றுக்கு, சிறுவரும் சிறுமியரும் தனித்தனிப் பகுதிகளுக்கு. இரண்டு வயதுக்குட்பட்ட மழலை மட்டும் தாயோடிருக்கலாம். மணியடித்தால் எழுச்சி, மணியடித்தால் உணவு. ஆண்கள் கல்லுடைத்தார்கள், பெண்கள் துணி துவைத்தார்கள்.

1845-இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கிப் பஞ்சம் மூண்டது. 1847-இல் வந்த விதியொன்று, கால் ஏக்கருக்கு மேல் குத்தகை நிலமுடையோர் அதனைக் கைவிட்டாலன்றி உதவியில்லை என்றது. நிலத்தை விட்டால் திரும்பிச் செல்ல வீடில்லை, விடாவிட்டால் உணவில்லை. பலர் நிலத்தை விடாமலே மடிந்தனர். விட்டு வந்தோரையோ, நெரிசல் மிகுந்த விடுதிகளில் காய்ச்சல் எதிர்கொண்டது.

1848 முதல் 1850 வரை, இவ்விடுதிகளிலிருந்து நாலாயிரத்துக்கும் மேற்பட்ட அனாதைப் பெண்கள் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். ஒவ்வொருத்திக்கும் புத்தாடைகள் அடங்கிய ஒரு மரப்பெட்டி தரப்பட்டது.