மற்போரும் மல்லாடலும்

புதுக்கோட்டை வட்டாரத்தில் தன் வலிமையைத் தானே பேசுவானை நோக்கி, ‘நீ என்ன பெரிய தாராசிங்கோ?’ என்று எள்ளும் வழக்கு முதியோரிடை இன்றும் உண்டு. தாராசிங்கும், அங்கேரியிற் பிறந்து கிங்காங் என்னும் பெயர் பூண்ட மல்லரும் பொருதமை பற்றிப் பேச்செழுந்தால், அது மெய்ப்போர் என்பாரும் கூத்து என்பாரும் என இரு திறத்தார் உளராதல் காண்கிறோம். கண்ணாற் கண்டோரே முரணுதலின், காட்சி ஒன்றே இவ்வழக்கினைத் தீர்க்கப் போதாது என்க. வேறு சான்று யாது என்பதே இக்கட்டுரையில் ஆராயப்படுவது.

இவ்விருமை நம் சொற்களிலேயே கிடக்கிறது. ‘மல்’ என்பது வலிமையையும் மற்போரையும் குறிக்கும். சிலப்பதிகாரக் கடலாடுகாதையிலோ அது பதினோராடலுள் ஒன்று. மாயோன் அவுணனை மல்லனாய் நின்று வென்ற செயலை அரங்கில் ஆடிக்காட்டுவது அது. ‘பொருநன்’ என்னும் சொல்லும் அத்தகையதே. போரிடுவான் பொருநன், பொருநராற்றுப்படையிற் பரிசில் பெறும் கலைஞனும் பொருநன். போரும் போர்போற் செய்தலும் ஒரு சொல்லில் அடங்கியமை எண்ணத்தக்கது.

எனினும் சங்கப் பாடல்கள் காட்டும் மற்போர்கள் ஆடல்கள் அல்ல. போர்வைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வென்றதைச் சாத்தந்தையார் புறநானூற்றில் மூன்று பாடல்களிற் பாடினார் (80, 81, 82). ஒரு காலால் மார்பை மடக்கி மற்றொரு காலால் முதுகை வளைத்த பிடியினை முதற்பாட்டு விளக்குகிறது. இது புகழுரையாதலின் மிகைக்கு இடமுண்டு எனலாம். ஆனால் இக்காட்சியைக் காணுமாறு புலவர் விரும்பி அழைப்பது யாரை? மகனொடு பகைத்த தந்தை எனக் கருதப்படும் தித்தனை. அவன் மகிழினும் மகிழாவிடினும் காண்க என்கிறார். அன்பில்லாத ஒருவனைச் சான்றாக வேண்டும் துணிவு கூத்தினைப் பாடுவார்க்கு இராது.

இதனினும் வலிய சான்று அகநானூற்று 386-ஆம் பாட்டு. பாணன் என்னும் மல்லனொடு பொருத ஆரியப் பொருநன் தோள் ஒடிந்து கிடந்த நிலையினைக் கண்டு கணையன் நாணினான் என்று பரணர் கூறுகிறார். அகப்பொருளில் எழும் ஒரு நாணத்திற்கு அதனை உவமையாக்குகிறார். முன்பே பேசி முடித்த தோல்விக்கு எவரும் நாணார். தோல்வியினால் யாருக்கு இழப்பு நேர்ந்தது என வினவுவதே நாம் தேடும் அளவுகோல் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதனைத் தொழில்முறை மற்போரின் தொடக்க வரலாற்றிற் பொருத்திப் பார்க்கலாம். காமா பயில்வான் 1910-இல் இலண்டன் சென்று, ஆகஸ்ட் திங்களில் அமெரிக்க மல்லரான ரோலரை வென்றார். செப்டம்பர் 10-இல் போலந்து நாட்டு ஸ்பிஸ்கோவொடு பொருதார். ஸ்பிஸ்கோ விரைவில் தரையிற் படிந்து, தற்காப்பு ஒன்றனையே மேற்கொண்டு, இரண்டரை மணி நேரத்திற்கு மேலாக எழாது கிடந்தார். போர் முடிவின்றி நின்றது. செப்டம்பர் 17-இல் மீண்டும் பொருதல் வேண்டும் என வரையறுக்கப்பட்டது. அவர் வரவே இல்லை. கட்டணம் கொடுத்து வந்தோர்க்கு இதனினும் சலிப்பூட்டும் காட்சி வேறில்லை. ஆனால் அச்சலிப்பே அதன் மெய்ம்மைக்குச் சான்று. இத்தகைய காட்சியை எந்த ஏற்பாட்டாளனும் திட்டமிட்டுப் படைக்கமாட்டான்.

அச்சலிப்பினை நீக்கவே அமெரிக்காவில் 1920-களில் எட் லூயிஸ், பில்லி சாண்டோ, டூட்ஸ் மாண்ட் என்னும் மூவர் கூடிக் கால வரையறையும், விரைந்த பிடிகளும், முன்னரே உறுதிசெய்த முடிவும் உடைய புதுமுறையை வளர்த்தனர். மற்கலையிற் பெரும் பயிற்சியற்ற காற்பந்தாட்ட வீரர் வேன் மன் 1925 சனவரியில் லூயிசை வென்று ‘உலக வீரர்’ ஆனது இம்முறையின் விளைவே. அவ்வாண்டு ஏப்ரல் 15-இல் பிலடெல்பியாவில் அவரிடம் தோற்றுக்கொடுக்க இசைந்து வந்தவர், இலண்டனிற் கிடந்த அதே ஸ்பிஸ்கோ. அவர் போட்டி அணியினரொடு மறைவாக உடன்பட்டு, சொன்ன சொல்லை மீறி, மன்னை மெய்யாகவே வீழ்த்தினார். அடுத்த மாதமே அப்பட்டத்தை அவ்வணியின் ஜோ ஸ்டெக்கரிடம் இழந்தார். கூத்தினிடையே ஒரு மெய்ப்போர் புகுந்தமையால் அதனைச் சூழ்ந்த கூத்து வெளிப்பட்டது. இங்கும் சான்றாவது இழப்பே: மன்னை முதலாக வைத்து வாணிகம் செய்தோர் அன்று இழந்தது பெரிது.

(இவ்வகைப் போட்டி பொழுதுபோக்கே என்று அமெரிக்காவின் முதன்மை நிறுவனம் 1989-இல் நியூ செர்சி மாநில மேலவைக்குத் தெரிவித்தது. விளையாட்டுக்குரிய கண்காணிப்பும் வரியும் தன்மேல் விழாமை கருதியே அவ்வாறு கூறியது.)

நீளமே மெய்ம்மைக்கு இலக்கணம் என்று கொள்ளுதலும் பிழையாகும். விழாவும் மனைவியின் பேறும் நெருங்க, மழை பெய்யும் மாலையில், கட்டில் பின்னுவானது கையிலுள்ள ஊசியினும் விரைந்தது கிள்ளியின் போர் என்கிறது புறநானூற்று 82-ஆம் பாட்டு. இதற்கு ஒப்பானது 1928 சனவரியிற் பட்டியாலாவில் நிகழ்ந்தது. புதுக்கோட்டையைப் போலவே பட்டியாலாவும் அன்று மன்னராட்சிச் சமஸ்தானம். களம் அமைத்தவர் மகாராசா பூபிந்தர் சிங்; அடுத்த நாள் அடுத்த ஊரில் அதே காட்சியை விற்கும் கட்டாயம் அவர்க்கில்லை. பதினேழு ஆண்டுகளுக்குப் பின் கடல் கடந்து வந்த ஸ்பிஸ்கோ, இம்முறை தரையிற் படியாது நின்றே காமாவை எதிர்கொண்டார். ஒரு நிமிடம் முடியுமுன் மல்லாந்து வீழ்ந்தார்.